உப்புக் காற்றில் கார்

2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகுதான் கொச்சியின் வல்லார்பாடம் தீவுக்குள் கார்கள் நகரிலிருந்து நேரே ஓடி வந்தன. அங்கே அவற்றுக்குக் காத்திருந்தது உப்புக் காற்று.

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் பாலிஷைவிடத் தண்ணீரை நம்புவது நல்லது. உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழாக நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு நீர் கூடாது. கார் ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொன்று. அடிப்பகுதியையும் கழுவுங்கள், துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பாலிஷ், பெயிண்டைத் தேய்த்தே பளபளப்பைத் தருகிறது. மொத்தப் பூச்சே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அடிக்கடி தேய்க்காதீர்கள். மேலே படிந்து காப்பது வாக்ஸ். ஜூன் மழைக்கு முன் பூசிவிடுங்கள்.