பத்துச் செடிக்குக் களைக்கொல்லியா?

"களையெடுக்க ஆள் எங்க தம்பி? எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போயிட்டாங்க!" சிவகாசிப் பக்கம் வாசலில் பத்து மல்லிகைச் செடி வைத்திருப்பவர்கூட இதைச் சொல்லித்தான் கிளைபோசேட் அடிக்கிறார்.

அந்த மருந்துக்குக் கோரை எது, மல்லிகை எது என்று தெரியாது சாமி. பச்சை இலையில் பட்டால் வேர் வரை இறங்கும். பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர யாரும் அடிக்கக்கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே உத்தரவு போட்டது.

கூலி மிச்சமாம்! காமர்ஸ் மாணவன் கேட்கிறேன், கருகிய செடியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தியால் கோரையைக் கிழங்கோடு எடுங்கள். தூரை ஒட்டிக் கையால் மட்டும். கொத்தினால் மல்லிகை வேர் அறுந்துவிடும். பிறகு சருகோ கடலைத் தொலியோ மூடாக்குப் போட்டால் மற்ற களைகள் அடங்கும். கோரை மட்டும் அதையும் குத்திக்கொண்டு வரும், படுபாவி! விடாமல் பிடுங்கினால் கிழங்கு இளைத்துப்போகும்.