கைக்குழந்தைகளுக்கு அட்ரினலின்: தடுப்பூசி நாளில் உள்ள பாதுகாப்பு மற்ற நாள்களில் எங்கே?

தடுப்பூசி போடப்பட்ட கைக்குழந்தைக்கு அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டால், அங்கிருக்கும் செவிலியரே ஒரு தவணை அட்ரினலின் ஊசியைச் செலுத்த மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அதே குழந்தைக்கு அடுத்த வாரம் பசும்பாலோ, முட்டையோ, குளவிக் கொட்டோ அதே பாதிப்பை உண்டாக்கினால், மருத்துவமனையைச் சென்றடையும் வரை அந்த ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஆனைக்கரை போன்ற ஏலத்தோட்டப் பகுதிகளில் இந்தக் காத்திருப்பு உயிரிழப்பில் முடியக்கூடும்.

உணவு ஒவ்வாமையால் நேரும் மரணங்கள் கேரளத்தில் அண்மைக் காலத்தில் கவனம் பெற்றுள்ளன. 2023 ஜனவரியில் இடுக்கி மாவட்டத்தில் பரோட்டா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவரும், 2024 ஏப்ரலில் தொடுபுழாவில் இறால் உணவு உண்ட பாலக்காட்டு இளம்பெண் ஒருவரும் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளியாயின. இருவருமே தங்கள் உடலில் ஏற்பட்ட மாற்றத்தைப் பிறரிடம் சொல்லக்கூடிய வயதினர். பேச்சு வராத குழந்தைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அரை மணி நேரக் கெடு

அனாபிலாக்சிஸ் எனப்படும் இந்தப் பாதிப்பில், உடலின் எதிர்ப்பாற்றல் தீங்கற்ற ஒரு பொருளைப் பகையாகக் கருதி ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் வெளியேற்றுகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. தொண்டை வீங்குகிறது. மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன. பிரிட்டனில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இதயமோ மூச்சோ நின்றுபோவதற்கான இடைநிலை நேரம் உணவு ஒவ்வாமையில் 30 நிமிடங்கள், பூச்சிக் கடியில் 15 நிமிடங்கள் எனக் கண்டறிந்தது.

மலைப் பகுதிகளுக்கு இந்தக் கெடு மிகவும் குறுகியது. இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. ஆனைக்கரையிலிருந்து கட்டப்பனைக்கோ, குமுளி வழியாகக் கம்பத்துக்கோ செல்ல வளைந்து நெளியும் மலைச் சாலைகளையே நம்ப வேண்டும். மழைக்கால மண்சரிவு பயணத்தை மேலும் நீட்டிக்கும். தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பிரதான சாலையை அடைவதற்கே ஜீப் தேவைப்படும் இடங்கள் பல. ஏலப் பூக்களின் மகரந்தச் சேர்க்கை தேனீக்களைச் சார்ந்தது என்பதால் தேனீக் கொட்டும் இங்கு அன்றாட அபாயம். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைக் கிராமங்களுக்கும் தொலைவும் சாலையும் இதேபோன்ற தடைகளே.

குழந்தையிடம் அறிகுறியைக் கண்டறிவது எப்படி?

கைக்குழந்தைகளிடம் பசும்பாலும் முட்டையும் முக்கியத் தூண்டுகோல்கள்; கோதுமை, நிலக்கடலை போன்றவையும் காரணமாகலாம். உடலெங்கும் திடீரெனத் தடிப்பு, தொடர் வாந்தி, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், கரகரத்த அழுகை, இளைப்பு, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். குழந்தைகள் இயல்பாகவே கக்குவதும், அழுவதும், அயர்ந்து தூங்குவதும் உண்டு என்பதால் இவை எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகின்றன. புதிய உணவு கொடுத்த சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகத் தோன்றினால் உடனடி சிகிச்சை அவசியம்.

இதற்கான முதல் மருந்து அட்ரினலின், அதாவது எபிநெஃப்ரின். விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூச்சுக் குழல்களைத் திறந்து, இதயத் துடிப்பை வலுப்படுத்துவது அதன் பணி. ஆயினும் பல இடங்களில் ஒவ்வாமை என்றதும் ஆன்டிஹிஸ்டமின், ஸ்டீராய்டு ஊசிகளே முதலில் போடப்படுகின்றன. அவை தடிப்பையும் அரிப்பையும் தணிக்கலாம். ரத்த அழுத்தச் சரிவையும் மூச்சடைப்பையும் உடனே மாற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அவை வேலை செய்கின்றனவா எனப் பார்த்துக் காத்திருக்கும் நேரமே ஆபத்தானது.

0.05 மில்லிலிட்டர் என்னும் சவால்

அட்ரினலின் விலை குறைந்த மருந்து. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. சிக்கல் அதன் அளவில் உள்ளது. ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் மருந்துள்ள குப்பியிலிருந்து, 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எடுக்க வேண்டியது 0.05 மில்லிலிட்டர் மட்டுமே. பதற்றத்தில் குப்பி முழுவதையும் செலுத்தினால் அது 20 மடங்கு அதிகம். தசைக்குப் பதிலாக ரத்த நாளத்தில் செலுத்தினால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் சீர்குலையலாம்.

தடுப்பூசித் திட்டத்தின் அவசரகாலப் பெட்டி இதற்கு எளிய தீர்வு கண்டுள்ளது. அதில் மருந்துடன் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சு அல்லது ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சு வைக்கப்படுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இன்சுலின் சிரிஞ்சில் 2 யூனிட் கோடு வரை எடுத்து, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசையில் செலுத்த வேண்டும். எடைக் கணக்குப் போட அவகாசமில்லாத நேரத்தில் வயது வாரியான இந்த அட்டவணை செவிலியருக்குத் துணை நிற்கிறது. ஆனால், தடுப்பூசிக்குப் பிந்தைய எதிர்விளைவை மனத்தில் கொண்டே அந்த ஏற்பாடு வகுக்கப்பட்டது.

ஊசிப் பேனா தீர்வாகுமா?

மேலை நாடுகளில் பெற்றோர் கையில் வைத்திருக்கும் தானியங்கி ஊசிப் பேனா இந்திய மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், குழந்தைகளுக்கான வழக்கமான 0.15 மில்லிகிராம் பேனா 15 கிலோவுக்கு மேற்பட்டோருக்காக வடிவமைக்கப்பட்டது; 7.5 கிலோ குழந்தைக்கு அது இரு மடங்கு அளவு. அதன் ஊசி நீளம் எலும்பைத் தொடும் என்ற அச்சமும் உண்டு. 7.5 முதல் 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கென 0.1 மில்லிகிராம் பேனாவுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில்தான் ஒப்புதல் அளித்தது. 2024 ஆகஸ்டில் அங்கு அனுமதி பெற்ற மூக்குவழி மருந்தும், பின்னர் 2025இல் வந்த அதன் சிறுவர் வடிவமும் 15 கிலோவுக்குக் குறைந்தோருக்கு உரியவை அல்ல. அமெரிக்காவில் இரண்டு பேனாக்கள் கொண்ட பெட்டியின் விலை 2016இல் 600 டாலரை எட்டிப் பெரும் சர்ச்சையானது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது எட்டாக்கனி.

கைவசமுள்ள வழி

எனவே, குப்பி மருந்தையும் சிறிய சிரிஞ்சையும் முறையாகப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு உகந்த வழி. கேரளத்தின் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியரும், தமிழகத்தின் கிராம சுகாதாரச் செவிலியரும் தடுப்பூசி நாளில் ஏற்கும் பொறுப்பை, உணவு, பூச்சிக் கடி உள்ளிட்ட எல்லாக் கடும் ஒவ்வாமைக்கும் விரிவுபடுத்துவது குறித்து அரசுகள் சிந்திக்க வேண்டும். துணை சுகாதார நிலையங்களிலும் 108 ஆம்புலன்ஸ்களிலும் வயதுவாரி அளவு அட்டவணை சிரிஞ்சுடன் சேர்த்தே வைக்கப்பட வேண்டும். எல்லைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வசிப்பதால், அங்கன்வாடிகளில் அறிகுறி விளக்கத் தாள்கள் மலையாளத்துடன் தமிழிலும் இருப்பது அவசியம்.

பயிற்சியின்றி ஊசி போடும் அதிகாரத்தைப் பரவலாக்குவது தவறான அளவுக்கு இட்டுச்செல்லும் என்ற கவலை நியாயமானதே. ஆயினும் உரிய அளவில் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின், குழந்தைகளிடம் பெரும்பாலும் தற்காலிகமான படபடப்பையும் நடுக்கத்தையும் மட்டுமே ஏற்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் அதைத் தவிர்க்கவே வேண்டும் என்று கூறத்தக்க நிலை எதுவும் இல்லை.

ஊசி போட்டதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பலன் இல்லையெனில் 5 முதல் 15 நிமிடங்களில் மற்றொரு தவணை தேவைப்படலாம். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும். ஆகவே குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடிக்காமல் படுத்த நிலையில் வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசென்றே தீர வேண்டும். மலைச் சாலையின் நீளத்தை எந்த உத்தரவாலும் குறைக்க இயலாது. அந்தப் பயணம் தொடங்கும் முன்பே முதல் ஊசி போடப்படுவதை உறுதிசெய்வது அரசுகளின் கையில் உள்ளது.