பெயர் பட்டா ஆகாது

விவிலியம் பயின்ற தமிழர்க்கு எர்மோன் என்ற மலைப்பெயர் புதிதன்று. சிரியாவுக்கும் லெபனானுக்கும் எல்லையாக, 2,814 மீட்டர் உயரத்தில் பனி மூடி நிற்கும் மலை அது. அங்கு வாழும் அரபு மக்கள் அதனை ஜபல் அல்-ஷேக் என்பர்; முதியவர் மலை என்று பொருள். 2024 டிசம்பர் 8 அன்று, டமாஸ்கஸில் அசாத் ஆட்சி வீழ்ந்த அதே நாளில், இம்மலையின் சிரிய உச்சியை இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. ஐ.நா. அமைதிப்படையின் கண்காணிப்பில் இரு படைகளையும் விலக்கி வைத்த 1974ஆம் ஆண்டு உடன்பாடு முறிந்துவிட்டது என்று நெதன்யாகு தாமாகவே அறிவித்தார்.

இந்த ஆக்கிரமிப்பைச் சிலர் வேதநூலின் பெயரால் நியாயப்படுத்துகின்றனர். அவர்கள் அந்நூலை ஒழுங்காகப் படிப்பது நல்லது. இதே மலையைச் சீதோனியர் சீரியோன் என்றும், எமோரியர் சேனீர் என்றும் அழைத்ததாக உபாகமமே பதிவு செய்கிறது. பிறருக்கும் இம்மலை உரியது, அவர்கள் நாவிலும் இதற்குப் பெயர் உண்டு என்பதைப் பண்டைய நூலாசிரியன் அறிந்திருந்தான். இன்றைய ஆக்கிரமிப்பாளனுக்கு அந்த அறிவும் இல்லை.

இம்மலை எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்தாக இருந்ததில்லை. இதைச் சூழ்ந்து உரோமானியர் காலக் கோயில்களின் இடிபாடுகள் இருபதுக்கும் மேல் உள்ளன. உச்சியிலிருந்த கோயிலில் 1869இல் கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. விண்ணவர் இறங்கிய இடம் இதுவென்கிறது ஏனோக்கின் நூல். இயேசு உருமாறிய மலை இதுவே என்று கருதும் கிறித்தவரும் உளர். அடிவாரத்துச் சுனையருகே பான் என்ற கிரேக்கத் தெய்வத்தை வழிபட்டனர். அதனால் ஊர் பானியாஸ் ஆயிற்று. அரபு மொழியில் பகர ஒலி இல்லாமையால் அதன் முதலெழுத்து மட்டும் திரிந்தது. பெயர் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது. ஆனால் அங்கு வாழ்ந்த சிரிய மக்களோ 1967 போரில் விரட்டப்பட்டனர், ஊரும் இடிக்கப்பட்டது.

சமயப் போர்வையை விலக்கினால் தெரிவது நீரும் நிலமும் படைத்தளமுமே. யோர்தான் ஆற்றின் ஊற்றுக்கண்கள் இம்மலையின் பனியால் ஊறுகின்றன. உச்சியிலிருந்து டமாஸ்கஸ் சமவெளியைக் கண்காணிக்கலாம். இங்கு எல்லைக்கோடு கிழித்தவர்களும் மண்ணின் மக்கள் அல்லர். பிரிட்டனும் பிரான்சும் 1923இல் தம்முள் பங்கிட்டுக்கொண்ட கோடு அது. 1981இல் கோலானைத் தன் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது இஸ்ரேல். அது செல்லாது என்று பாதுகாப்புக் கவுன்சில் 497ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கூறியது. 2019இல் டிரம்ப் அதற்கு அங்கீகார முத்திரை குத்தினார்.

மலைச்சரிவில் எஞ்சிய துரூஸ் மக்கள் பணிந்துவிடவில்லை. இஸ்ரேலிய அடையாள அட்டையை ஏற்க மறுத்து, 1982 பிப்ரவரி 14 அன்று அவர்கள் பொது வேலைநிறுத்தம் தொடங்கினர். அது மாதக்கணக்கில் நீடித்தது. இம்மலையின் வரலாற்றில் நாம் போற்ற வேண்டிய அத்தியாயம் அதுவே.

தொன்மத்தைப் பட்டாவாக்கும் அரசியலை இந்தியர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சிரியக் கோலானிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 2023 நவம்பரில் ஆதரித்த 91 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் அதே இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்குவதை ஒன்றிய அரசு நிறுத்தவில்லை. கையுயர்த்தி வாக்களித்துவிட்டு மறுகையால் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதை நாம் அம்பலப்படுத்தியாக வேண்டும்.

செய்தி மொழிபெயர்க்கும் தோழர்களுக்கும் இதில் கடமை உண்டு. வெளிநாட்டு முகமைகளின் செய்தியில் ‘இஸ்ரேலின் எர்மோன் மலை’ என்று வந்தால் அதை அப்படியே பெயர்த்தல் தகாது. தமிழில் ஆறாம் வேற்றுமை உடைமையைக் குறிக்கும். எழுதுகோல் தவறி அவ்வுருபை இட்டால் ஒரு நாட்டின் மண்ணைத் தாரைவார்த்தவர் ஆவோம். ‘இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள ஷேக் மலை’ என்று எழுதுவோம். அடையாளம் காண எர்மோன் என்றும் சேர்ப்போம். பழைய பெயர்கள் அனைத்தும் வாழட்டும், ஆக்கிரமிப்பு வெளியேறட்டும்.