மலை வழியில் யார் துணை?

இளைஞர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் நெடுந்தூர மலைப் பயணம் செல்வது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. முன்பு ஏலகிரி, ஏற்காடு என்று போய் வந்தவர்கள் இப்போது லடாக் என்கிறார்கள், பதரி என்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ரிஷிகேசம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். அங்கிருந்து பதரிநாதம் இன்னும் 300 கிலோமீட்டர், முழுவதும் மலைப்பாதை. பேரன் இச்செய்தியைச் சொன்னவுடன் வீட்டுப் பெரியவர்களுக்கு வயிறு கலங்குவது இயல்பே. "ரயில் இல்லையா, பஸ் இல்லையா, எதற்காக இந்த வண்டி?" என்று கேட்கிறோம். அவன் ஏதோ சொல்கிறான். நமக்கு அது விளங்குவதில்லை. இரு தரப்பிலும் மனத்தாங்கலே மிஞ்சுகிறது.

வங்கிப் பணியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடன் விண்ணப்பத்தில் 'எதற்காக' என்ற கட்டத்தை எல்லாரும் அழகாக நிரப்பிவிடுவார்கள். ஜாமீன் கையெழுத்து யாருடையது என்று பார்க்கும்போதுதான் நிலைமை தெரியவரும். மலைப் பயணத்திற்கும் இம்முறை பொருந்தும். 'எதற்குப் போகிறாய்?' என்று கேட்பதைக் காட்டிலும் 'யாருடன் போகிறாய்?' என்று கேட்பதே பயன் தரும். செவிலிமேட்டில் குடியிருப்பவன் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உடன் வந்தவர்களால் மலைக்காட்டில் கைவிடப்பட்ட ஒரு மகான், தம் பயணத்தை முடித்த இடம் எங்கள் ஊர்.

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ஸ்ரீராமாநுஜர், இளையாழ்வார் என்னும் திருநாமத்தோடு திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் உரைத்த சில பொருள்களைச் சீடர் பணிவோடு மறுத்தது ஆசிரியர் உள்ளத்தில் பகையாக வளர்ந்தது. காசி யாத்திரை செல்வோம் என்று அவர் சீடர்களைத் திரட்டினார். கங்கையில் இளையாழ்வாரை மூழ்கடித்துவிடுவது மறைவான திட்டம் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எவ்வளவு புனிதமான பயணம்! ஆசிரியர் உடன் வருகிறார். கூடப் படித்தவர்கள் வருகிறார்கள். போகும் இடமோ காசி. 'எதற்காக' என்ற கட்டம் குறையின்றி நிரம்பியிருந்தது.

அக்கூட்டத்தில் மெய்யான துணை ஒருவரே. அவர் இளையாழ்வாரின் சிற்றன்னை மகனான கோவிந்தர். பிற்காலத்தில் எம்பார் என்று போற்றப்பட்டவர். சதியை அறிந்த அவர், விந்தியக் காட்டில் தனிமை வாய்த்தபோது தமையனாரிடம் அதைச் சொல்லித் தப்பிச் செல்லுமாறு வேண்டினார். இளையாழ்வார் கூட்டத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் சென்றார். அவரைக் காணாமல் தேடியவர்கள், காட்டு விலங்குக்கு இரையாகியிருப்பார் என்று முடிவு செய்து மேலே நடந்தார்கள். ஒருவர் குறைந்த பின்னும் நிற்காமல் நடக்க முடிந்த கூட்டம் அது.

வழி தெரியாத காட்டில் தனித்து நின்ற இளையாழ்வாரின் முன் ஒரு வேடனும் வேடுவச்சியும் வந்தார்கள். தாங்களும் தெற்கே செல்வதாகச் சொல்லி அவரை உடன் அழைத்துக்கொண்டார்கள். இரவில் ஓரிடத்தில் தங்கியபோது வேடுவச்சி தாகம் என்றாள். அருகில் கிணறு உண்டு, பொழுது விடியட்டும் என்றான் வேடன். விடிந்ததும் இளையாழ்வார் கிணற்றில் இறங்கி, இரு கைகளாலும் நீரை முகந்து வந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்தும் தாகம் தீரவில்லை. மீண்டும் முகந்து மேலே வந்தபோது இருவரையும் காணவில்லை. எதிரே புண்யகோடி விமானம் தெரிந்தது. விந்தியத்திலிருந்து ஓர் இரவில் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தார்! வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று உணர்ந்து உருகினார்.

அந்தக் கிணறுதான் செவிலிமேட்டில் இன்றும் நாம் சேவிக்கும் சாலைக் கிணறு. பின்னர் திருக்கச்சி நம்பிகளின் சொற்படி, அக்கிணற்று நீரையே நாள்தோறும் சுமந்து சென்று பேரருளாளனுக்குத் தீர்த்தக் கைங்கர்யம் செய்தார் இளையாழ்வார். ஆண்டுதோறும் நடைபெறும் அனுஷ்டானக் குள உற்சவத்தில் பெருமாளே இங்கு எழுந்தருளுகிறார்.

இவ்வரலாற்றில் அடியேன் எப்போதும் எண்ணி வியப்பது அந்தத் தாகத்தைத்தான். காக்க வந்த தாயாருக்குத் தாகம் ஏது? ஆயினும் கேட்டாள். களைத்துப் போனவர், உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர், தம் களைப்பை மறந்து அவளுக்காகக் கிணற்றில் இறங்கினார். துணை என்பது கொள்வதும் கொடுப்பதும் சேர்ந்தது. காப்பாற்றப்பட்டவரே பிறர் தாகத்திற்கு நீர் முகந்ததால்தான் அந்த இடம் தீர்த்தமாயிற்று.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். நாக்பூரிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 சாத்பூரா மலைகளையும் நர்மதையையும் கடந்து விந்திய மேட்டு நிலத்தில் ஏறுகிறது. உடையவர் கால்நடையாய் அலைந்த அந்த மலைநாட்டை இவர்கள் அரை நாளில் கடந்துவிடுவார்கள். வேகம் மாறியிருக்கிறது, உடன் வருபவரைப் பற்றிய கேள்வி மாறவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரன் வரும் வைகாசியில் நண்பர் மூவரோடு பதரிக்குப் புறப்படுகிறான். மகளோ இரண்டு வாரமாகச் சரியாக உண்ணவில்லை. நால்வரையும் வீட்டிற்கு வரவழைத்தேன். சிற்றுண்டி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஜோஷிமடம் வரை போய்விட்டீர்கள். பதரிக்கு இன்னும் 45 கிலோமீட்டர்தான். அங்கே உங்களில் ஒருவனுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து நிற்க முடியவில்லை. என்ன செய்வீர்கள்?"

ஒருவன், "அவனை அறையில் படுக்க வைத்துவிட்டு நாங்கள் தரிசனம் செய்து வந்துவிடுவோம், தாத்தா" என்றான். இன்னொருவன், "ஒருவன் துணைக்கு இருப்பான், இருவர் போய் வருவோம்" என்றான். அதுவரை பேசாதிருந்த பையன் மெல்லச் சொன்னான்: "நாலு பேரும் கீழே இறங்கிவிடுவோம், தாத்தா. பெருமாள் அங்கேயேதான் இருப்பார். அடுத்த வருஷம் வருவோம்." மற்ற மூவரும் சிறிது நேரம் அவனையே பார்த்தார்கள். பிறகு அதையே முடிவாக ஏற்றுக்கொண்டார்கள். நான் என் மகளைப் பார்த்தேன். அன்றிரவு அவள் உண்டாள்.

கற்பனையாகக் கேட்ட கேள்வி அன்று. ஜோஷிமடம் ஏறத்தாழ 6,000 அடி உயரம். பதரியோ 10,000 அடிக்கும் மேல். ஏறத்தாழ 8,000 அடிக்கு மேல் காற்று மெலிவதால் திடகாத்திரமான இளைஞருக்கும் மலைநோய் வரக்கூடும். ஓய்வு கொள்வதும், தணியாவிட்டால் தாமதமின்றிக் கீழே இறங்குவதுமே அதற்கு முதல் மருத்துவம். ஜோஷிமடத்தில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு ஏறுவது நன்று. அங்கும் நரசிம்மர் சந்நிதி உண்டு; செவிலிமேட்டு லட்சுமி நரசிம்மரைச் சேவித்துப் புறப்படும் பிள்ளைகளுக்கு அது நம்ம ஊர் போலவே தோன்றும். மழைக்காலமான ஆடி, ஆவணியில் மண்சரிவு மிகுதி, அப்போது போகவேண்டாம். இருட்டிய பின் மலைப்பாதையில் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

குழுவாகச் செல்வோர் கடைப்பிடிக்கும் முறைகளையும் பேரனிடம் கேட்டறிந்தேன். வழி தெரிந்தவர் முன்னே செல்வார்; அனுபவம் மிக்கவர் கடைசியில் வருவார். கருவிகளும் முதலுதவிப் பெட்டியும் அந்தக் கடைசி வண்டியில் இருக்கும். பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னே செல்பவர் நின்றுவிட வேண்டும். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சிரமப்பட்டு ஏறுபவருக்கு முதல் உரிமை! இவையெல்லாம் போக்குவரத்து ஒழுங்குகள் என்றார்கள். எனக்கு அவை தர்மமாகவே பட்டன.

ஆகவே, அன்பர்களே, பேரன் மலைக்குப் போகிறேன் என்றால் உடனே தடுக்க வேண்டாம். அவன் நண்பர்களை ஒருநாள் வீட்டிற்கு அழைத்து உணவிடுங்கள். அவர்களுள் கோவிந்தர் யார் என்று பாருங்கள். ஒருவரும் இல்லையெனத் தோன்றினால் தயங்காமல் மறுத்துச் சொல்லுங்கள். அது பெரியவர்களின் கடமை. இருக்கிறார் என்று தெரிந்தால் மனம் நிறைந்து ஆசி கூறுங்கள்.

திருமோகூரில் காளமேகப் பெருமாளை வழித்துணைப் பெருமாள் என்கிறோம். விரிஞ்சிபுரத்தில் ஈசனும் மார்க்கபந்து, வழித்துணைநாதர் என்றே பெயர் கொண்டிருக்கிறார். இரு சமயத்தாரும் இறைவனை உடன் வருபவனாகவே கண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் புறப்படும் நாளில் அத்திருநாமங்களைச் சொல்லி, அவர்கள் நெற்றியில் திருமண்ணோ திருநீறோ இட்டு அனுப்புவோம். வேடனாய் வந்து வழிகாட்டிய பேரருளாளன் அவர்கள் முன்னே செல்லட்டும். தாகம் என்று கேட்ட தாயார் கடைசி வண்டியோடு வரட்டும்.