வாட்ச் சொன்னால் போதுமா?



பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் போன வாரம் நொண்டிக்கொண்டே காவேரிப்பட்டினம் வந்து சேர்ந்தான். தொடைச் சதை பிடித்துக்கொண்டதாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடும்போது, வேகம் குறைந்துவிட்டதாக அவன் வாட்ச் காட்டியிருக்கிறது. இவனும் நம்பி விரட்டி ஓடியிருக்கிறான். ஓடிய பாதையைப் போனில் பார்த்தேன். கோடு சாலையை விட்டு ஒரு வணிக வளாகத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது!

மறுநாள் அதே வாட்சைக் கட்டிக்கொண்டு தென்பெண்ணை ஆற்றோரம் நடந்தேன். கோடு பாதையை விட்டு விலகவில்லை. ஆக, வாட்சில் பழுது இல்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் வாட்ச் நம் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். மலையடியில் நின்று கூப்பிட்டால் எதிரொலி தாமதமாக வருகிறதல்லவா? அதுபோல, கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலும் தாமதமாகத்தான் வரும். இரட்டை அலைவரிசை வாட்சுகளில் இந்தப் பிழை குறையும், முழுதாகப் போகாது.

முறையாக அளந்த பந்தயப் பாதை அப்படியல்ல. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற எண்ணியைப் பொருத்தி, மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே வைக்கிறார்கள். பத்து கி.மீ. பந்தயத்தில் வாட்ச் 10.3 காட்டினால் நடத்தியவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். வளைவுகளில் நீங்கள் சுற்றி ஓடியதும் அதில் சேர்ந்திருக்கும்.

வகுப்பில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? 'மனிதனின் உயரம் 15 மீட்டர்' என்று விடை வந்தால் அப்படியே எழுதிவைக்காதே, கணக்கைத் திரும்பப் பார் என்பேன். வாட்சுக்கும் அதுதான். மூச்சு வாங்குகிறது, கால் வலிக்கிறது, வாட்ச் மட்டும் 'மெதுவாக ஓடுகிறாய்' என்கிறது என்றால் காலை நம்புங்கள். வேகப் பயிற்சிக்கு 400 மீட்டர் மைதானம் இருக்கிறது. நேரம் பார்க்கச் சாதாரணக் கடிகாரமே போதும்.

ஓசூரிலும் பெங்களூரிலும் ஓடும் பிள்ளைகளே, பத்திரம். என் பிள்ளைக்கு இன்னும் படியேற முடியவில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்