சாலையோரத்து இலக்கணம்

சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியின் வழியே சென்று ஆந்திர எல்லையைத் தொடுகிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்கு வரும் சரக்குந்துகளை ஓட்டுவோர் பல மாநிலத்தவர். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என அவர்தம் மொழிகளும் பல. அவர்கள் அனைவரும் படித்தறிய வேண்டிய பொதுநூல் ஒன்று அச்சாலையோரத்தில் உண்டு. சாலைக் குறியீடுகளே அந்நூல்.

இந்நூலைப் படிக்கக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. மூன்று நொடி தயங்கினால் 50 மீட்டர் கடந்துவிடும். ஆகவே, குறியீடு கண்டவுடன் புரிய வேண்டும். அதற்காகவே வடிவங்களுக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. சிவப்பு விளிம்புடைய வட்டம் தடையையும் வரம்பையும் உணர்த்தும். சிவப்பு விளிம்புடைய முக்கோணம் எச்சரிக்கும். நீலச் செவ்வகம் தகவல் தரும்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் எடுத்துரைக்கிறது. அவற்றுட் சில சாலையோரத்திலும் உள. ஒரே கம்பத்தில் நான்கைந்து பலகைகளை அடுக்குவது மிகைபடக் கூறல். மரக்கிளையும் சுவரொட்டியும் மறைக்கப் பாதி மட்டும் தெரிவது குன்றக் கூறல். நீல வட்டத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் ஊர்தியை நிறுத்திவைக்கக் கூடாது; இரு கோடுகள் இருந்தால் சற்றும் நிற்கக் கூடாது. உயர வரம்பையும் அகல வரம்பையும் வேறுபடுத்துவன, எண்ணின் மேலும் கீழுமோ இருபக்கமுமோ அமைந்த சிறு முனைகளே. இவை மயங்க வைத்தல். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகம் ஏற்றிவரும் ஓட்டுநர் இங்கு மயங்கினால், பெட்டகம் பாலத்தில் மோதும்.

குறியீடுகளைக் கற்ற பின்னரே உரிமம் வழங்கப்படுகிறது. எனவே, புரியாமை ஓட்டுநரின் குற்றமே என்பர் சிலர். குறியீட்டுக்குக் கட்டுப்படுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் கடமையாக்கியுள்ளது. கட்டுப்படுதல் ஓட்டுநரின் கடமையெனில், புரியும்படி கூறுதல் அமைப்போரின் கடமையன்றோ! பிரிட்டனின் சாலைக் குறியீடுகளைச் சீரமைத்த ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும், விரைந்து செல்பவர் அறிய விரும்புவது எது என்னும் வினாவிலிருந்தே தம் பணியைத் தொடங்கினர். 1965 முதல் நடைமுறைக்கு வந்த அக்குறியீடுகள், சொற்களைக் குறைத்து எளிய படங்களுக்கு முதன்மை தந்தன.

நாமும் அவ்வினாவைக் கேட்போம். புதிய குறியீட்டை நிறுவுமுன், அவ்வூரை அறியாத ஓட்டுநர்களிடம் காட்டிப் பொருள் கேட்டறிதல் நன்று. ஓரிடத்தில் ஓரிரு செய்திகள் போதும். அவை இரவிலும் ஒளிர்தல் வேண்டும். பலகையின்மேல் சுவரொட்டி ஒட்டாதிருத்தல் நம் ஒவ்வொருவரின் பொறுப்பு. இரவுப்பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பும் தொழிலாளியின் உயிர், எதிரே வரும் ஓட்டுநருக்குப் புரிந்த ஒரு படத்தைச் சார்ந்திருக்கிறது. புரியாத பலகை எத்தனை உயரமாக நின்றாலும், நன்னூலார் கூறிய இறுதிக் குற்றமே அதற்குப் பொருந்தும்: நின்று பயனின்மை.