வேலை இங்கே, வீடு எங்கே?

கோழி கூவுமுன் சென்னையில் விழித்துக்கொள்ளும் இடம் எது? மாளிகைகள் வரிசையிட்டு நிற்கும் தெருக்களா? அல்ல. பாரிமுனை விழிக்கிறது, தங்கசாலை விழிக்கிறது, சிந்தாதிரிப்பேட்டை விழிக்கிறது. மூட்டை சுமப்பவன், பூக்கட்டி விற்பவள், தள்ளுவண்டி இழுப்பவன், மாடி வீடுகளில் பாத்திரம் துலக்குபவள் — இவர்கள் கைபட்ட பிறகுதான் நகரம் கண்திறக்கிறது.

அந்த நகரம் இவர்களுக்குக் கூறும் நன்றி என்ன தெரியுமா? "உழைக்க வா, உறங்க வராதே!"

கடுமையான பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நகரமைப்பு வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். குடியிருப்புக்கு ஒரு வண்ணம், வணிகத்துக்கு ஒரு வண்ணம், தொழிலுக்கு ஒரு வண்ணம். இத்தனை வண்ணங்களில், நகரின் நடுவே உழைப்பவன் தலைசாய்க்கும் இடத்துக்கு எந்த வண்ணம்? அதைத்தான் கேட்கிறோம்.

வேலையும் வீடும் அடுத்தடுத்து இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பிரிவுகள், நடுவே நாளங்காடி. அங்கும் உயர்ந்தோர் ஒரு பக்கம், உழைப்போர் ஒரு பக்கம் என்ற கோடு உண்டு; அந்தக் கோட்டைப் போற்ற நாம் வரவில்லை. ஆனால் நெய்பவரும் கொல்லரும் தச்சரும் மீன் விற்பவரும் அங்காடிக்கு அருகிலேயே குடியிருந்தனர். 1734இல் வெள்ளைக்கார வணிகக் கும்பினிகூட நெசவாளரை அழைத்தபோது, தறிக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்து ஒரு பேட்டையை அமைத்தது. சின்னத் தறிப்பேட்டை! அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. கும்பினிக்கு ஏழை மீது இரக்கமில்லை, கணக்குத் தெரிந்திருந்தது. தறியருகே நெசவாளி இருந்தால்தான் துணி வரும் என்ற அந்தக் கணக்கு, மக்களாட்சிக்கு மறந்துபோனது ஏன்?

மறக்காத காலமும் இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுந்தது. கூரை மாறியது, தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை, பிள்ளையின் பள்ளி மாறவில்லை. பிறகு காற்று திசைமாறிற்று. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம் என்று, இருபது கிலோமீட்டர், அதற்கும் அப்பால், மக்கள் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவக்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றினர். ஒரே ஆட்சியின் செயலா என்றால் இல்லை. ஆட்சிகள் மாறின, வண்டி சென்ற திசை மட்டும் மாறவில்லை.

ஆற்றங்கரை ஆபத்தானது; அங்கேயே கிடக்கட்டும் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு அஞ்சி அழைத்துப்போனவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலா குடிவைப்பது? செம்மஞ்சேரித் தெருக்களில் மழைநீர் புகுந்த செய்தி நமக்குப் புதிதா?

இப்படியோர் உரையாடலை எண்ணிப் பாருங்கள்.

"கல் வீடு, மின்விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் தருகிறோமே, அம்மா! இன்னும் என்ன குறை?"

"குறையொன்றும் இல்லீங்க ஐயா. சாமான் எல்லாம் லாரியில் ஏத்திட்டேன். நான் வேலை செய்யிற நாலு வீட்டை எதில் ஏத்துறது?"

அதிகாரியிடம் இதற்கு விடை உண்டா? கொத்தவால்சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று, நெரிசல் குறைந்தது, நாமும் ஏற்கிறோம். சரக்கு இடம்மாறினால் கூலி சிறிது கூடும். மனிதர் இடம்மாறினால் வாழ்வே குலையும்!

"ஆக்கிரமிப்பாளர், சட்டத்தை மீறியவர்" என்று வாதம் வரும். மெத்தச் சரி, சட்டத்தைப் பற்றியே பேசுவோம். விதிமீறி எழுந்த மாடிகளுக்கு விலக்களித்த அரசாணைகள் ஒன்றல்ல, இரண்டல்ல, 62! அவை செல்லாவென்று 2000இல் உச்சநீதிமன்றம் அடித்துச் சொல்லிற்று. "இந்த ஒருமுறை மட்டும்" என்று 1999இல் வந்த வரன்முறைத் திட்டம், தேதி தள்ளித் தள்ளி 2002 வரை நீண்டது. 2017இல் மீண்டும் ஒன்று. மாடி மீறினால் அதற்குப் பெயர் வரன்முறை. குடிசை மீறினால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு! உயர்ந்து நின்றால் மன்னிப்பு, குனிந்து கிடந்தால் தண்டனை! இதுவா நீதி?

"நல்லது, நடுநகரில் நிலம் ஏது?" என்பார்கள். பணம் படைத்தோருக்கு அதே நிலத்தின் மேல் வானம் கிடைக்கிறதே! 2019 விதிகளின்படி, கட்டணம் செலுத்தினால் கூடுதல் தளப்பரப்பு உண்டு. 18 மீட்டர் அகலச் சாலை என்றால் 50 விழுக்காடு வரை. ஏழைக்கு? 2008இல் வந்த இரண்டாவது பெருந்திட்டம், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 45 கிரவுண்டு. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் ஒரே மனையாக 45 கிரவுண்டு எத்தனை கிடைக்கும்? வேலை குவிந்துள்ள இடத்தில் விதி உறங்குகிறது, வெட்டவெளியில் விழித்திருக்கிறது!

கண்ணை மூடிக்கொண்டு மாடிமேல் மாடி அடுக்கச் சொல்லவில்லை. 2017 மே மாதக் கடைசியில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக் கட்டடம் எரிந்து பாழானதை நாடு பார்த்தது. தீயணைப்பு வண்டி நுழையும் வழி வேண்டும். குழாயில் நீர் வேண்டும். கழிவு ஓட வழி வேண்டும். அவற்றை முதலில் அமைக்கட்டும், பிறகு உயரட்டும்.

ஆனால் ஒன்று. மனையின் விலையை ஏற்றியது யார்? மனைக்காரரின் வியர்வையா? மக்கள் வரிப்பணத்தில் வந்த சாலை, குழாய், மெட்ரோ இரயில்! அந்த மதிப்பில் மக்களுக்குப் பங்கு வேண்டும். கூடுதல் மாடி கேட்பவர், மனை சிறியதாயினும், அதில் ஒரு பங்கைச் சிறு வீடுகளாக அதே இடத்தில் தரட்டும். காசாகக் கட்டிவிட்டுக் கைகழுவ வேண்டாம். பழுதுற்ற வாரியக் குடியிருப்புகளை இடிக்கும்போது, அங்கிருந்தவர் அத்தனைபேருக்கும் அங்கேயே வீடு என்பது வாக்குறுதியாக அல்ல, விதியாக எழுதப்படட்டும். கீழே கடை, மேலே வீடு என்ற பழைய தெருக்களின் பழக்கத்தைக் குற்றமாகப் பாராமல் முறைப்படுத்தட்டும்.

2026 முதல் 2046 வரை, இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது பெருந்திட்டம் என்கிறார்கள். பெருநகர்ப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக 2022இல் விரித்தார்கள். விரிக்கட்டும்! ஆனால் விரிந்த பரப்பெல்லாம் ஏழையைக் கொண்டுபோய் வைக்கும் மூலையாகிவிடக்கூடாது. ஊர் ஒருபுறம், ஊருக்கு வெளியே சேரி என்று வைத்த பழங்கொடுமையை எதிர்த்து வளர்ந்த நாடு இது. அதே சேரியை எட்டு மாடியாக அடுக்கி, ஊருக்கு வெளியே நிறுத்தி, வரைபடத்தில் வண்ணம் பூசிக் காட்டினால் சேரி ஊராகிவிடுமா?

நீதி கேட்டு அரண்மனை வாயிலில் நின்றவள் கண்ணகி. அவள் பெயரைச் சூட்டிய நகரிலிருந்து, விடியலில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் கேட்கிறார்கள்: "வேலை அங்கே, வீடு எங்கே?" சிலம்பு அவர்கள் கையில் இல்லை. கேள்வி இருக்கிறது. பதில் சொல்லவேண்டியது அரசு!